பெறுநர்: பதில் அனுப்ப முடியாத முகவரி

அனுப்புநர்:
சான்றிதழ் வகுப்பு வாத்தியார் ஒருவர்,
இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம்,
வடபழனி, சென்னை.

பெறுநர்:
கணினிச் சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தார் அனைவரும்,
மேற்பார்வை: நோ-ரிப்ளை மின்னஞ்சல் முகவரி.

பொருள்: எங்கள் அறிவு எந்தத் தேதியோடு தீர்ந்துபோகிறது என்பதை முன்கூட்டியே தெரிவித்து வருவதற்கு நன்றி கூறுதலும், சில கோரிக்கைகளும் – தொடர்பாக.

பார்வை: "உங்கள் சான்றிதழ் விரைவில் காலாவதியாகிறது" என்று தாங்கள் அனுப்பிவரும் கடிதங்கள்.

உயர்திரு ஐயா / அம்மையீர்,

நெட்வொர்க், சர்வர், கிளவுட் என்று தாங்கள் அவ்வப்போது வகுத்துத் தரும் பாடத்திட்டங்களை நடத்திப் பிழைக்கும் வாத்தியார்களில் நானும் ஒருவன். தங்கள் தேர்வுக்கு ஆள் பிடிப்பது நான். ஆங்கிலக் கேள்வியைக் கண்டு மிரளும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வது நான். ஃபெயிலாகி வந்தால் பெற்றோரிடம் ஏச்சு வாங்குவதும் நான்தான். இதற்கெல்லாம் தாங்கள் எனக்கு ஒரு பைசா தருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநர் என்ற பட்டம் என் பெயருக்குப் பின்னால் நிற்பதற்கு வருஷா வருஷம் நான்தான் தங்களுக்குக் கட்டுகிறேன். கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் கமிஷன் வாங்குவதுதான் ஊர் வழக்கம். இரண்டு வீட்டுக்கும் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கும் தரகரை உண்டாக்கிய பெருமை தங்களையே சேரும்.

முதலில் காலாவதி விஷயம். காம்ப்டியாவின் ஏ-பிளஸ் சான்றிதழை 2010 டிசம்பர் 31 வரை வாங்கியவருக்கு அது ஆயுசுக்கும் செல்லும். 2011 ஜனவரி 1 முதல் வாங்கியவருக்கு 3 ஆண்டுதான். அந்த நள்ளிரவில் மனித மூளைக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த மருத்துவரும் இதுவரை விளக்கவில்லை. சிஸ்கோவின் சிசிஎன்ஏவுக்கு 3 ஆண்டு, அமேசானின் கிளவுட் சான்றிதழுக்கு 3 ஆண்டு, மைக்ரோசாஃப்டின் அசோசியேட் நிலைச் சான்றிதழுக்கு 1 ஆண்டு. மைக்ரோசாஃப்டாவது புதுப்பிப்பைக் காசில்லாமல், வீட்டிலிருந்தபடியே எழுத விடுகிறது. நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது.

தொழில்நுட்பம் மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்பீர்கள். மாறத்தான் செய்கிறது. ஆனால் வகுப்பில் நின்று பார்ப்பவனுக்கு, மாறுவதில் பாதி பெயர்ப்பலகை. ஆஷர் ஆக்டிவ் டைரக்டரி என்று பல காலம் நாக்கு பழகச் சொல்லிக்கொடுத்தோம். 2023-இல் அது மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி ஆனது. உள்ளே இருக்கும் யூசர்கள் அதே யூசர்கள், குரூப்கள் அதே குரூப்கள். ஸ்லைடு, லேப் கையேடு, சுவரில் ஒட்டிய சார்ட் எல்லாவற்றையும் மாற்றினேன். எம்சிஎஸ்இ கதை இதைவிட நீளம். விண்டோஸ் என்டி காலத்தில் அந்த நான்கு எழுத்துக்கு சிஸ்டம்ஸ் இன்ஜினியர் என்று விரிவு. 2012-இல் எழுத்துகள் அப்படியே இருக்க, விரிவு சொல்யூஷன்ஸ் எக்ஸ்பர்ட் ஆனது. 2021 ஜனவரி 31-இல் எம்சிஎஸ்இயே பணி ஓய்வு பெற்றது. அதை மட்டும் வைத்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பிரிவுபசார விழாகூட நடத்தவில்லை.

இதெல்லாம் சில்லறை. என்னை உண்மையில் வாட்டுவது "மிகச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற வாசகம். தங்கள் கேள்வி எதையும் நான் இங்கே வெளியிடப் போவதில்லை. தேர்வுக்கு உட்காரும்போதே வெளியில் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆகவே நானே ஒன்று தயாரிக்கிறேன்:

ஒரு நிறுவனத்தில் பழைய கோப்புகள் குவிந்துவிட்டன. யாரும் அவற்றைத் திறப்பதில்லை. செலவு குறைய வேண்டும் என்கிறார் மேலாளர். என்ன செய்வீர்கள்? அ) எங்கள் சேமிப்புச் சேவைக்கு மாற்றுவேன். ஆ) எங்கள் இன்னொரு சேமிப்புச் சேவைக்கு மாற்றுவேன். இ) அந்த இரண்டையும் இணைக்கும் எங்கள் மூன்றாவது சேவையை வாங்குவேன். ஈ) எதெல்லாம் தேவையில்லை என்று மேலாளரிடம் கேட்டு அழித்துவிடுவேன்.

வேலை தெரிந்தவன் ஈ-யைத் தொடுவான். தொட்டால் போச்சு. அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் சர்வர் அறையைக் கட்டிக் காத்தவர் ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். நடுராத்திரி மின்சாரம் போய் வந்து, சர்வர் எழாமல் அடம்பிடித்தால் எந்த ஒயரை முதலில் பார்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்த மனிதர். தங்கள் தேர்வில் முதல் தடவை தேறவில்லை. "நாலுமே வேலை செய்யும் சார், எதைப் போடறது?" என்று கேட்டார். "நீங்க வேலை பார்க்கிறவரா யோசிக்காதீங்க, அவங்க சேல்ஸ்மேனா யோசிங்க" என்றேன். அடுத்த தடவை பாஸ். அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தரம் நடத்துகிறேன்: வேலைக்கு ஒரு தரம், தங்களுக்கு ஒரு தரம். நேரம் போதாத நாட்களில் முதலாவதைத்தான் விட வேண்டியிருக்கிறது. கட்டணம் கட்டியது இரண்டாவதற்காக அல்லவா?

முதலாவது தரம் நடத்தும்போது கிடைக்கிற சுகம் வேறு. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். 192.168.10.77, ஸ்லாஷ் 26, இது எந்த நெட்வொர்க் என்று கேட்டேன். போர்டைப் பார்க்கவில்லை. விரல்களை மடக்கி, உதட்டுக்குள் 64, 128 என்று எண்ணி, "64-ல தொடங்குது சார், 127 பிராட்காஸ்ட், நடுவுல 62 மெஷினுக்கு இடம்" என்றாள். பின் பெஞ்சுப் பையன்கள் கால்குலேட்டரில் இரண்டின் அடுக்குகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த முகவரிப் பங்கீட்டு முறை வந்தது 1993-இல். கணக்கு இன்றைக்கும் அதேதான். இதற்குக் காலாவதித் தேதி போட முடியாதே என்று தங்களுக்கு வருத்தமாக இருக்கலாம்.

அந்தப் பெண் வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம் என்ற தங்கள் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டாள். அறையின் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், மேசை காலியாக இருக்க வேண்டும், வேறு யாரும் உள்ளே வரக் கூடாது, வாய்விட்டுப் படிக்கக் கூடாது. நியாயமான விதிகள்தான், தனி அறை உள்ள வீடுகளுக்கு. அவள் வீட்டில் அறை ஒன்று, ஆள் ஐந்து. அப்பா, அம்மா, தம்பி, பாட்டி நால்வரும் கோயில் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். எங்கிருந்தோ கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தங்கள் கண்காணிப்பாளர், சுவரில் எழுத்தும் எண்ணும் உள்ள காகிதம் தெரிகிறது, எடுங்கள் என்றார். அது மளிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், கீழே ராசிபலன். நெட்வொர்க் கேள்விக்கு அதில் விடை எதுவும் இல்லை. அவள் ராசிக்கு அன்று "தடங்கல்" என்று போட்டிருந்தது. அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், கணக்குப் போடும்போது உதடு அசைகிறது என்று இன்னொரு எச்சரிக்கை. விரலை மடக்கி உதட்டுக்குள் எண்ணும் பிள்ளையிடம் உதட்டைப் பூட்டச் சொன்னால் என்ன ஆகும்? ஃபெயில். சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 டாலர், வரி தனி. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அது முதல் மாதச் சம்பளத்துக்கும் மேல்.

அடுத்த தடவை தேர்வு மையத்துக்கே அனுப்பினேன். அங்கே இனிஷியல் காத்திருந்தது. தங்கள் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். எங்களுக்குப் பெயர் ஒன்று, முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஆதாரில் அந்த எழுத்து பின்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் விரிந்து முழுப் பெயராக நிற்கும், கல்லூரிச் சான்றிதழில் புள்ளியோடு முன்னால் நிற்கும். இவள் கடைசிப் பெயருக்கு அப்பாவின் முழுப் பெயரை எழுதியிருந்தாள், கையில் கொண்டுபோன அட்டையில் ஒற்றை எழுத்துதான் இருந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் திரும்பாது என்று மட்டும் உடனே பதில் வந்தது. எல்லாம் சரிசெய்து, ஒருவழியாகப் பாஸ் ஆன அன்று வந்த வாழ்த்து மடல், கடைசிப் பெயரைச் சொல்லி அவள் அப்பாவைப் பாராட்டியிருந்தது. அவர் ஆரணியில் வேன் ஓட்டுகிறார். நெட்வொர்க் வல்லுநர் ஆகிவிட்டதில் அவருக்கு மெத்த மகிழ்ச்சி.

மதிப்பெண் விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விளக்க முயன்று தோற்றவன் என்பதால். அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் 65 கேள்விகள். அவற்றில் 15-க்கு மதிப்பெண்ணே கிடையாது. எந்தப் பதினைந்து என்பது ரகசியம். மதிப்பெண் 100-இல் தொடங்கி 1000 வரை போகும், 720 வாங்கினால் பாஸ். ஒன்றுமே தெரியாதவருக்கும் 100 போடும் பெருந்தன்மையை எங்கள் தமிழ்நாடு தேர்வுத் துறையில்கூட நான் கண்டதில்லை. மைக்ரோசாஃப்டில் 700 வாங்கினால் பாஸ், ஆனால் அது 70 சதவீதம் அல்ல என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 690 வாங்கி அழுதுகொண்டு நிற்கும் பையனிடம் இந்தத் தத்துவத்தை எப்படிச் சொல்வது?

இவற்றைவிடப் பெரிய விஷயம், அவன் எங்கே தவறினான் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தாங்கள் தருவது பாடப்பகுதிவாரியாகச் சில பட்டைகள். செக்யூரிட்டியில் பட்டை குட்டை, ரூட்டிங்கில் பட்டை நெட்டை. நான்காம் வகுப்பு டீச்சர்கூடத் தப்பான கணக்கைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டுகிறார். கேள்விகள் கசியாமல் இருக்கத்தான் இந்த மௌனம் என்கிறீர்கள். கசியவில்லையா? டெமோ வகுப்பில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சார், டம்ப் இருக்கா?" கட்டணம், பாடத்திட்டம், பிளேஸ்மென்ட் எல்லாம் அப்புறம். தங்கள் பூட்டிய அறையிலிருந்து வெளியே வந்த கேள்விகள் டம்ப் என்ற பெயரில் பிடிஎஃப்பாக, சலுகை விலையில், 100 சதவீத உத்தரவாதத்தோடு கிடைக்கின்றன. அவற்றில் பாதிக்கு விடை தப்பு. அதையும் பிள்ளைகள் தப்பாமல் மனப்பாடம் செய்கிறார்கள். கேட்டால், அதில் விடையாவது போட்டிருக்கிறதே சார் என்கிறார்கள். ஒழுங்காகப் படித்துத் தோற்றவனுக்கு ஏன் தோற்றான் என்று சொல்ல மறுக்கும் வரை, டம்ப் வியாபாரிக்கு விளம்பரச் செலவே இருக்காது. திருடனுக்குத் திறந்திருக்கும் கதவு எனக்கு மட்டும் ஏன் சாத்தியிருக்கிறது என்பதே என் கேள்வி. நான் தங்கள் கட்சிக்காரன்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்வது. தேறாதவருக்கு, எந்தத் தலைப்பில் என்ன குழப்பிக்கொண்டார் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கேள்வியைத் தர வேண்டாம், குழப்பத்தைச் சொன்னால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். தேர்வு நேரத்தில் தங்கள் கையேட்டைப் புரட்ட எல்லாரும் அனுமதியுங்கள். 2023-இல் மைக்ரோசாஃப்ட் தன் பெரும்பாலான தேர்வுகளில் லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்க விட்டது. வானம் இடிந்து விழவில்லை. வேலை பார்க்கும் இடத்தில் யாரும் கமாண்டை மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை, தேடித்தான் எடுக்கிறார்கள். எதைத் தேடுவது என்று தெரிவதுதான் படிப்பு. பெயருக்கு ஒரே ஒரு கட்டம் வையுங்கள், நீளமாக. விரல் மடக்கி உதட்டுக்குள் எண்ணுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பயிற்றுநர் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. குறைக்க மாட்டீர்கள், எனக்கே தெரியும்.

அடுத்த பேட்ச் திங்கட்கிழமை தொடங்குகிறது. பலர் முன்பணம் கட்டிவிட்டார்கள். அதற்குள் எந்தச் சேவைக்காவது பெயர் மாற்றுவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் தெரிவித்துவிடுங்கள். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு விடுமுறை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வாத்தியார்
(சான்றிதழ் செல்லுபடியாகும் தேதி வரை)