அனுமந்தன்பட்டி டீக்கடைகளில் மையக் கூற்று நிறுவும் முறை: ஒரு முன்னாய்வு

கட்டுரைக்கு மையக் கூற்று எப்படி அமைய வேண்டும் என்று பல்கலைக்கழகங்களில் வகுப்பெடுக்கிறார்கள். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் வழியிலுள்ள அனுமந்தன்பட்டியில் அதற்கு வகுப்பு கிடையாது. டீக்கடை பெஞ்சு உண்டு. இவ்வாய்வின் களம் அதுவே. காலம்: பால் வந்தது முதல் தோட்டத்துக்கு ஆள் கிளம்பும் வரை. ஆய்வுக் கருவி: ஒரு கிளாஸ் டீ. ஆய்வு நீண்டால் வடையும் கருவியாகும்.

முதலில் பள்ளிக்கூடக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ‘மனிதன் உயிர் வாழ நீர் இன்றியமையாதது’ என்று முன்னுரை தொடங்கும். இதே வாக்கியத்தை பெஞ்சில் சொன்னால் தினசரியிலிருந்து ஒரு தலையும் நிமிராது. மறுக்க ஆளில்லாத கூற்றை நிறுவ என்ன இருக்கிறது? நன்னூலில் பவணந்தியார் வகுத்த பத்துக் குற்றங்களில் கடைசியான ‘நின்று பயனின்மை’யில் இதைச் சேர்க்கலாம். ஆனாலும் மதிப்பெண் விழுகிறது.

இனி உயிருள்ள கூற்று. “திராட்ச வெல எறங்குனதுக்கு மழ காரணமில்ல, யாவாரிதான்.” கிளாஸ்கள் உடனே பெஞ்சில் இறங்குகின்றன. ஒரு காரணத்தைத் தள்ளி இன்னொன்றை நாட்டியிருக்கிறார். தள்ளப்பட்ட காரணத்துக்கு வக்காலத்து வாங்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்.

“பழுத்த பன்னீர் மேல மழ பெய்ஞ்சா பழம் வெடிக்கும் மாப்ள. வெடிச்சத எவன் வாங்குவான்?”

“வெடிக்கும் மாமா, யாரு இல்லன்னா? பந்தல்ல விட்டுவைக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான அவன் அடிச்சுக் கேக்குறான்?”

இந்த இடம் ஆய்வாளர் நிதானிக்க வேண்டிய இடம். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களுள், அதாவது கொள்கைகளுள், ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல்’ ஒன்று: எதிராளி சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அதைக் களைவது. மாப்பிள்ளை நன்னூல் படித்தாரா என்பது இங்கே பொருட்டல்ல. மழை இப்போது யாவாரிக்கு எதிரான ஆதாரமாகிவிட்டது. முதலில் சொன்னதைவிட இரண்டாவதாகச் சொன்னது பலமானது. மாமா மறுக்காதிருந்தால் அது பிறந்தே இராது. நல்ல மையக் கூற்று முதல் டீயில் கிடைப்பதில்லை என்பது என் துணிபு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு இந்த வாதத் திறனையும் ஒரு சிறப்பியல்பாகச் சேர்த்திருக்கலாம்.

கூற்றுக்கு அளவு வேண்டும் என்பதற்கு முல்லைப் பெரியாறு அணையே சான்று. ‘அணை நல்லா இருக்கு’ என்பது அபிப்பிராயம். ‘142 அடி தேக்கலாம்’ என்பது கூற்று: எண் இருக்கிறது, மறுக்க ஒரு மாநிலமே இருக்கிறது, சோதிக்க வல்லுநர் குழுக்கள் இருக்கின்றன. 1895இல் திறந்த அணையில் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142க்கு உச்ச நீதிமன்றம் 2006இல் இசைந்தது, 2014இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆறு அடி ஏற இத்தனை ஆண்டு. ‘ஏன் வேண்டும்?’ என்று கேட்டால் பெஞ்சு 14,707 ஏக்கர் இருபோக நெல்லைக் காட்டும். காரணத்தைக் கையோடு வைத்திராத கூற்றை இங்கே யாரும் மதிப்பதில்லை.

குறைகளும் உண்டு. அணையில் தொடங்கிய பேச்சு கல்யாண வீட்டுக் குழம்பில் போய் நிற்பது வழக்கம். ‘மற்றொன்று விரித்தல்’ என்னும் குற்றம் இது. பெஞ்சில் யாரும் அதைக் குற்றமாகக் கருதுவதில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் அப்படித்தான் என்பதால் ஆய்வாளரும் அழுத்திச் சொல்ல விரும்பவில்லை.

களத்தில் கடைசியாகப் பதிவான கூற்று: “போன மாசக் கணக்க அப்பவே முடிச்சாச்சுல்லண்ணே.” தெளிவானது, சுருக்கமானது, மறுக்கத்தக்கது, இலக்கணம் எல்லாம் பொருந்தியது. மறுப்பாளர் ஒருவர்தான், கடைக்காரர். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார்.