லாரி ஏறாத தக்காளி
வாசகர் கேள்வி – பதில்

கே: மாமியார் வைக்கும் ரசத்தின் ருசி எனக்கு மட்டும் வருவதில்லை. அதே மிளகு, அதே சீரகம், அதே ஈயச் சொம்பு. தக்காளிதான் குற்றவாளி என்று என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாடியில் நாமே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். எந்த விதை வாங்க? – வாசகி, செல்லூர்

ப: தீர்ப்பு சரியானதுதான் அம்மா, மேல்முறையீடு வேண்டாம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வந்து இறங்கும் பழங்களில் பெரும்பகுதி, தூரம் தாங்குவதற்கென்றே உருவாக்கிய ஒட்டு ரகம். தோல் தடிப்பு, சதை கெட்டி. பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கினாலும் நசுங்காது. வியாபாரிக்கு அது அவசியம், அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் மாடிக்கும் அடுப்படிக்கும் நடுவே லாரி ஓடவில்லையே. பிறகு எதற்கு லாரிக்கான விதை?

நம் பக்கத்துக்கு நான் முதலில் சொல்வது பி.கே.எம்.1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகி 1978-ல் வெளியான ரகம். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் சடுதி மாற்றம் உண்டாக்கி, அதில் நல்லதைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒட்டு ரகமல்ல, மரபணு மாற்றுப் பயிரும் அல்ல. பழம் தட்டை உருண்டை, காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சைப் பட்டை, நல்ல புளிப்பு. ரசத்துக்கு இதைவிடத் தோதான பழத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. விதை ஊன்றியதிலிருந்து சுமார் 135 நாளில் செடி தன் காய்ப்பை முடித்துக்கொள்ளும்.

யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடை போகும் வழியில் 1965 முதல் நம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே விதை இருப்பு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பெரியகுளம். ஒரு கிராமில் சுமார் 300 விதை வரும். உங்கள் தெருவுக்கே அது போதும்.

கே: காம்புப் பக்கம் பச்சையாக இருந்தால் பழுக்காத பழம் என்று கழித்துவிடுகிறோமே? – வாசகர், திருமங்கலம்

ப: கழிக்காதீர்கள் ஐயா, நான் விதைக்குப் பழம் தேடும்போது அந்தப் பச்சையைத்தான் முதலில் பார்ப்பேன். போன நூற்றாண்டில் தக்காளி வளர்ப்பவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. காய் மேலே கரும்பச்சை, கீழே வெளிர்பச்சை. எது பறிக்கும் பக்குவம் என்று கண்டுபிடிப்பதும் சிரமம், பழுத்த பிறகும் நிறம் ஒரே சீராக வராது. காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் ஒரு வகை கையில் கிடைத்ததும், உலகம் முழுக்க அதை ரகம் ரகமாகக் கலந்துவிட்டார்கள். கூடையில் பார்க்க அழகு அள்ளிக்கொண்டு போகும்.

அந்த அழகுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது 2012-ல்தான் வெளிவந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆன் பவலும் அவருடைய குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். கரும்பச்சைத் தோளை உண்டாக்கும் மரபணுதான் காய்க்குள் பச்சையத்தைப் பெருக்குகிறது. காயே வெயிலில் கொஞ்சம் சர்க்கரையைச் சமைத்துக்கொள்கிறது. ஒரே சீராகச் சிவக்கும் ரகங்களில் அந்த மரபணு வேலை செய்வதில்லை. ஆக, பச்சைத் தோளோடு சேர்த்து இனிப்பிலும் ஒரு பங்கைக் கழித்துவிட்டோம்.

ஐந்து வருடம் கழித்து ஃபுளோரிடாவில் ஹாரி கிளீ குழுவினர் 398 தக்காளிகளின் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்து, பழைய ரகங்களில் நிறைந்திருந்த மணப்பொருள்களில் 13 இன்றைய ரகங்களில் குறைந்துபோனதாகக் கண்டார்கள். தக்காளியின் ருசியில் பாதி மூக்குக்குச் சொந்தம். சர்க்கரையும் புளிப்பும் நாக்குக்கு, மற்றதெல்லாம் வாசனை. பழம் பெருக்கப் பெருக்க இனிப்புக் குறைகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான். எனவே கையளவு பழத்துக்கு ஆசைப்படாதீர்கள். உழவர் சந்தையில் செங்காயைப் புரட்டிப் பாருங்கள். தோளில் கரும்பச்சை இருந்தால் அந்தக் கூடையில் நன்றாகப் பழுத்த ஒன்றை வாங்கி மோந்து பாருங்கள், தின்றும் பாருங்கள்.

கே: அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்கிய நாட்டுத் தக்காளி அமிர்தமாக இருந்தது. அதன் விதையையே போடலாமா? – கல்லூரி மாணவர், கே.கே.நகர்

ப: தாராளமாகப் போடலாம் தம்பி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பர் 14-ல் திறந்தார்கள். விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் அங்கே உங்களுக்குள்ள வசதி. காசு கொடுக்கும்போதே கேளுங்கள்: "அண்ணே, இது சொந்த விதையா, பாக்கெட் விதையா?" நாட்டுத் தக்காளி என்ற பெயரில் கூடையேறுவதெல்லாம் நாட்டு ரகமல்ல. தட்டையாக, புளிப்பாக இருக்கும் ஒட்டு ரகங்களும் அதே பெயரில்தான் விற்கின்றன. ஒட்டு ரகத்தின் விதையைப் போட்டால் முளைக்கும், காய்க்கும். ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு ஜாடையில் இருக்கும். சொந்த விதை என்று அவர் சொன்னால் பெரும்பாலும் தாய் போலவே வரும், ஏனென்றால் தக்காளிப் பூ தனக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும்.

விதை எடுக்கும் பக்குவத்தைச் சொல்கிறேன். நன்றாகக் கனிந்த பழத்தைக் குறுக்காக அறுத்து, விதையை அந்த வழவழப்போடு ஒரு கண்ணாடி டம்ளரில் பிழியுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே துணி கட்டி, நிழலில் வையுங்கள். மதுரைச் சூட்டுக்கு ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மேலே வெள்ளையாக ஏடு கட்டும், புளித்த வாடை வரும், வீட்டில் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம். விதையை மூடியிருக்கும் வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், புளிக்க வைத்தால் அது கரைந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, மிச்சத்தை வடிகட்டியில் ஓடும் தண்ணீரில் அலசித் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த விதையின் மேல் பூனை முடி போலச் சாம்பல் நிற ரோமம் தெரியும், அதுதான் சரியான பதம். இரண்டு நாளுக்கு மேல் டம்ளரிலேயே விட்டால் அங்கேயே முளைவிட்டுவிடும்.

கே: ஆடிப் பட்டம் தேடி விதை என்கிறார்கள். நானும் ஆடியில் போடட்டுமா? – வாசகர், மேலூர்

ப: பழமொழியில் பிழையில்லை ஐயா. ஆடியில் தக்காளி நாற்று விடும் விவசாயிகளும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுத் தொட்டியில் ருசிதான் முக்கியம் என்றால் நான் புரட்டாசிக் கடைசியையும் ஐப்பசியையும் சொல்வேன். நாற்று 25 நாளில் தயார். அடைமழை அடிக்கும்போது குழித்தட்டைக் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றிவிடுங்கள். பழம் மார்கழிக் கடைசியில் தொடங்கி மாசி வரை வரும். மதுரையில் இரவு குளிர்வது அந்த மாதங்களில்தான். சித்திரை, வைகாசியில் பகல் 38, 40 டிகிரி, இரவிலும் சூடு இறங்காது. அப்போது பூ பிஞ்சாகாமல் உதிரும். தப்பிப் பிழைத்த பழமும் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்தில் நின்றுவிடும், சிவப்பு நிறமி கூடுவதற்கு 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

கே: எங்கள் போர் தண்ணீர் உப்பு. தக்காளி வருமா? – வாசகி, திருநகர்

ப: உப்பு லேசாக இருந்தால் வரும் அக்கா, பழம் சிறுத்து ருசி கூடியே வரும். உப்புத் தண்ணீரில் செடியால் நிறைய உறிஞ்ச முடியாது, அதனால் பழத்தில் நீர் குறைந்து இனிப்பும் புளிப்பும் திரளும். நல்ல தண்ணீர் ஊற்றுகிறவர்கள்கூட, காய் முழு அளவு வந்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் இதே பலன் கிடைக்கும். ஆனால் உப்பு அதிகமானால் இலை ஓரம் கருகும், காயின் அடியில் கறுப்பாக அழுகல் விழும். அந்த அழுகல் பூச்சியால் வருவதல்ல, மருந்து அடித்துப் பயனில்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. ஒருநாள் காயப்போட்டு மறுநாள் குளம் கட்டினாலும் இதே கதைதான். ஐப்பசி மழையை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள், மாதம் ஒருமுறை தொட்டியை நன்றாகக் கழுவிவிட உதவும்.

கே: மகன் அமெரிக்காவில். பிராண்டிவைன் என்று ஒரு பாரம்பரியத் தக்காளி விதையைக் கொண்டு வருகிறேன் என்கிறான். – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகமலை புதுக்கோட்டை

ப: மகனை மட்டும் வரச் சொல்லுங்கள் ஐயா. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் வேண்டும், அங்குள்ள நோய் இங்கே வந்துவிடக் கூடாது என்பதற்கான சட்டம் அது. பிராண்டிவைன் ருசியில் கெட்டிக்காரப் பழம்தான், ஆனால் காய்க்க நாளாகும், நம் சூட்டில் பிஞ்சு பிடிக்காது. இனிப்புத்தான் ஆசை என்றால் இங்கேயே கிடைக்கும் செர்ரி தக்காளி போடுங்கள். பேரப்பிள்ளைகள் செடியடியிலேயே தின்று தீர்த்துவிடுவார்கள், சமையலுக்கு வேறு செடி வையுங்கள்.

கே: இலை சுருண்டு செடி குட்டையாகிவிடுகிறது. வேப்பெண்ணெய் போதுமா? – வாசகர், அலங்காநல்லூர்

ப: சுருண்ட செடிக்கு எதுவும் போதாது, பிடுங்கிவிடுங்கள். அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். வேப்பெண்ணெயும் மஞ்சள் ஒட்டும் அட்டையும் மற்றச் செடிகளைக் காக்க. நாற்று விடும்போதே வலை போட்டு மூடினால் பாதிச் சண்டை முடிந்தது. ஒவ்வொரு வருடமும் இதே தொல்லை என்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் போடுங்கள். இலைச்சுருட்டை, வாடல், கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் அது ஒட்டு ரகம், விதை எடுத்து வைக்க முடியாது.

கே: பறித்த பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? – வாசகி, சிம்மக்கல்

ப: வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே போனால் வாசனை போய்விடும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வையுங்கள்.

கே: நான் தொட்டி வாங்கியபோது கேலி செய்த நாத்தனார், இப்போது விதை கேட்கிறாள். கொடுக்கவா? காசுக்கு விற்றால் சட்டப்படி தவறா? – வாசகி, வாடிப்பட்டி

ப: கொடுங்கள் தாயி. ஒரே மாடியில் இருக்கும் விதை ஒரு மழைக்கோ ஒரு எலிக்கோ போய்விடும், நாலு வீட்டில் இருந்தால் உங்களுக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 2001-ம் வருடத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை மட்டும் கம்பெனி போல பிராண்டு பெயர் ஒட்டி விற்கக் கூடாது. பொட்டலத்தின் மேல் ரகம், விதை எடுத்த மாதம், பழம் புளிப்பா இனிப்பா என்று எழுதிக் கொடுங்கள். நாத்தனாருக்குக் குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று என இரண்டு பொட்டலமாகவே கொடுத்துவிடுங்கள்.