நரிக்குச் சம்பளம் யாரு குடுத்தா?

பேராண்டிகளா, பொங்கல் வருதுன்னு வலையை உதறிப் பாத்துக்கிட்டு இருக்கீங்களாமே! நம்ம வாழப்பாடிப் பக்கம் நாலஞ்சு ஊருல தொன்றுதொட்டு நடக்கறதுதான். கரட்டுல வலை கட்டி வங்காநரியைப் புடிக்கறது, வாயைக் கட்டறது, மாலை போடறது, மாரியம்மன் கோயில் வாசல்ல ஓட விடறது. அப்புறம், "நரி முகத்துல முழிச்சாச்சு, இந்த வருசம் வெள்ளாமை கொழிக்கும்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறது. உங்க முகத்துல முழிச்ச நரிக்கு அந்த வருசம் எப்படிப் போச்சுன்னு எவனாச்சும் விசாரிச்சிருக்கீங்களா?

வனத்துறைக்காரங்க வந்து அபராதம் போட்டா, ஊரே வரி போட்டுக் கட்டுது. ஆக, கொழிக்கறது சர்க்கார் கஜானா.

நரியே ஆகாதுன்னா ஒழிச்சுக் கட்டுங்க, நான் குறுக்க நிக்கல. அது பாத்த வேலைக்கு மட்டும் ஆள் போட்டுருங்க. ராத்திரி பூராக் கடலைக்காட்டு வரப்புல பொந்து பொந்தா மோந்து எலி புடிக்க ஒருத்தன். எலிச் சினைக்கு மூணே வாரம், ஈத்துக்கு ஏழெட்டுக் குட்டி; அதனால லீவு கேக்காத ஆளாப் பாருங்க. வண்டையும் வெட்டுக்கிளியையும் மென்னு திங்க ஒருத்தன். இலந்தைப்பழத்தைத் தின்னுட்டு மேடு பள்ளமெல்லாம் கொட்டை போட ஒருத்தன். இந்தக் கடைசி வேலைக்குத்தான் நம்ம ஊருல ஆள் நிறைய இருக்கு.

மயில் சங்கதிக்கு வருவோம். வெதைச்சதைக் கிண்டித் திங்குதுன்னு தெனம் புலம்பறீங்க. அது 1963லேர்ந்து தேசியப் பறவை, முருகன் வாகனம் வேற. நீங்க கை வெச்சா 1972ம் வருசத்து வனவிலங்குச் சட்டம் உள்ள தள்ளும். ஆனா மயிலு முட்டையிடறது தரையில, புதர் மறைவுல. நரி அதைத் தேடித் தின்னா எந்தப் போலீசும் வராது, எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது. ஊருலயே அந்த உரிமை உள்ள ஆளைத்தான்டா நீங்க வலை போட்டுப் புடிக்கறீங்க!

எலிக்கு மருந்து வெப்போம்கறான் ஒரு கெட்டிக்காரன். மருந்து தின்ன எலியை ஆந்தையும் நரியும் தின்னா அதுகளும் சேந்து போகும். மருந்துக்குத் தப்புன ஒரு சோடி எலி போதும், அடுத்த போகத்துக்குள்ள பெருகிரும். அப்ப மறுபடியும் மருந்துக் கடைக்கு நடக்கணும். கடைக்காரரும் புள்ளகுட்டிக்காரர், பாவம், பொழைச்சுப் போகட்டும்.

"நரிக்கு நாட்டாமை குடுத்தா கெடைக்கு ரெண்டு ஆடு கேக்கும்"னு சொலவடை சொல்றீங்க. சரிதான். போன தேர்தல்ல நம்ம ஆளுங்களுக்கு நாட்டாமை குடுத்தோமே, அவங்க கெடைக்கு எத்தனை கேட்டாங்க? கணக்குப் பாத்துட்டு வந்து நரியைப் பேசுங்க.

கெழவன் சொல்றதைக் கேக்கறதுன்னா மூணு காரியம் பண்ணுங்க. ஓடைக்கரைப் புதரைப் பொக்லைன் விட்டு வழிக்காதீங்க, அதுங்க பகல்ல ஒண்டற எடம் அது. கறிக்குள்ள வெடி பொதிஞ்சு அவுட்டுக்காய் வெக்கற சூரனை ஊருக்குள்ள சேக்காதீங்க. நாளைக்கு அதை உங்க வீட்டு நாயே கவ்வும். பொழுது சாஞ்சதும் கோழியை அடைச்சு, கூண்டுக்குக் கதவு போட்டுக் கொண்டி மாட்டுங்க.

அதுக்கப்புறமும் கோழி காணாமப் போச்சுன்னா, கரட்டுப் பக்கம் ஓடாதீங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானமா தெருவுல நடந்து, எந்த வீட்டுல கொழம்பு மணக்குதுன்னு மோந்து பாருங்க. கொண்டி தொறக்கத் தெரிஞ்ச நரி நாலு கால்ல நடக்காது.