ஷோரூம் பஞ்சாங்கக் கணிதர் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பைபாஸ் ரோட்டில் கண்ணாடி மாளிகை கட்டி எழுந்தருளியிருக்கும் மகாகனம் பொருந்திய கார் ஷோரூம் விற்பனை மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு, தை ஒன்றாம் தேதி தங்களிடம் டெலிவரி எடுத்த பாக்கியசாலி எழுதிக்கொள்வது.

நலம். தங்கள் நலமும், இந்த மாத டார்கெட்டின் நலமும் அறிய ஆவல்.

முதலில் அந்தப் போட்டோவுக்கு நன்றி. குடும்பத்தோடு வரிசையாக நிற்கவைத்து, மாலை போட்டு, கேக் வெட்டச் சொல்லி, ஆளுயர அட்டைச் சாவியை என் கையில் கொடுத்து எடுத்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அன்று மாலையே உங்கள் பக்கத்தில் ஏற்றி, என் பெயரையும் அதில் கோத்துவிட்டீர்கள். பார்த்த சொந்தக்காரர் ஒருவராவது காரைப் பார்த்திருக்க வேண்டுமே! என் தலைக்கு மேல் தொங்கிய பேனரைத்தான் விரலால் பெரிதாக்கிப் படித்திருக்கிறார்கள். ‘பொங்கல் அதிரடி! 2025 ஸ்டாக் க்ளியரன்ஸ்! 65,000 ரூபாய் தள்ளுபடி!’ நான் வாங்கிய அதே கார், அதே வேரியன்ட். பேனரில் போட்டிருந்த நிறம்கூட அதேதான். டிசம்பர் 31 ராத்திரி, ‘கம்பெனி ஹிஸ்டரிலயே இதுதான் சார் மேக்ஸிமம்’ என்று எனக்கு அருளிய தள்ளுபடி 40,000.

முதல் போன் சின்ன மாமனாரிடமிருந்து. “மாப்ளே, ரொம்ப சந்தோஷம். மேல என்னமோ எழுதியிருக்காங்களே, அது உங்களுக்கும் உண்டுதானே?”

உங்கள் விற்பனைப் பிரிவுத் தம்பியிடம் கேட்டேன். “சார், அது வேற ஸ்கீம் சார்” என்றார். என்ன வேற? “அது ஜனவரி பில்லிங். உங்களது டிசம்பர் பில்லிங்.” டெலிவரி இன்றைக்குத்தானே தம்பி எடுத்தேன்? “டெலிவரிக்கு ஸ்கீம் கிடையாது சார். பில்லுக்குத்தான்.”

அப்போதுதான் உங்களை இத்தனை நாள் வெறும் வியாபாரி என்று நினைத்திருந்தது தவறு என்று புரிந்தது. நீங்கள் ஜோதிடர். அதுவும் சாதாரண ஜோதிடர் அல்ல. சொந்தமாகப் பஞ்சாங்கம் கணிப்பவர்.

எங்கள் வீட்டில் இருப்பது பாம்புப் பஞ்சாங்கம். அதன்படி ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுப்பதில்லை. உங்கள் பஞ்சாங்கத்தில் எல்லாம் தலைகீழ். அதில் ஆடிதான் முகூர்த்த மாசம், மார்கழிதான் கல்யாண மாசம். நாங்கள் உங்கள் வாசலை மிதிக்காத நாட்களில்தான் உங்கள் கிரகங்கள் உச்சத்தில் இருக்கின்றன, தள்ளுபடியும் இறங்கி வருகிறது. ஆயுத பூஜைக்கு ஆசையாகக் குளித்து முழுகி வந்து நின்றால், “நீங்க கேக்குற கலர் வெயிட்டிங் சார்.” நல்ல நாள் பார்ப்பவன் அதற்குத் தனியாக வரி கட்ட வேண்டும் என்பது உங்கள் சாஸ்திரம்.

இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பங்கமில்லாமல் நீங்கள் சொன்ன பரிகாரம் இருக்கிறதே, அதற்குத் தனியாகப் பொன்னாடை போர்த்த வேண்டும். “பில்லை டிசம்பர்ல போட்டுக்கலாம் சார், வருஷக் கடைசி ஆஃபர் கிடைச்சிடும். டெலிவரியைத் தை ஒண்ணாம் தேதி எடுத்துக்குங்க, வீட்ல பெரியவங்களுக்கும் திருப்தி.” என் மாமியாரே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட பரிகாரங்கள் குறைவு. ஜனவரி பிறந்தால் விலை ஏறிவிடும் என்றும் சேர்த்துச் சொன்னீர்கள். பொய் இல்லை, மூலப்பொருள் செலவு கூடிவிட்டது என்று சொல்லி ஏதாவது சில கம்பெனிகள் ஜனவரியில் விலையை ஏற்றாத வருஷம் எனக்கு நினைவில்லை. ஏறப்போவது விலைப்பட்டியல், யார்டில் நிற்கும் போன வருஷத்துக் கார் இன்னும் இறங்கும் என்கிற பின்பாதியை மட்டும் ஏனோ வாசிக்காமல் விட்டுவிட்டீர்கள். ஆர்.சி.யில் உற்பத்தியான மாதமும் வருஷமும் இருக்கும். சேஸி நம்பரிலேயே வருஷத்துக்கு ஓர் எழுத்து உண்டு. பெரும்பாலும் 2025க்கு எஸ், 2026க்கு டி. டிசம்பர் 31 நள்ளிரவு தாண்டியதும், ஒரு கிலோமீட்டர் ஓடாத எஸ் எல்லாவற்றுக்கும் ஒரு வயசு கூடிவிடுகிறது. நாளை நான் விற்கப் போனாலும் கேட்கப்போகும் முதல் கேள்வி அந்த எழுத்துதான். அந்த வயசுக்கு நஷ்டஈடுதான் பேனரில் இருந்த 65,000. எனக்கும் வயசு கூடியது, ஈடுதான் கூடவில்லை.

ராகு காலம் ஒன்றரை மணி நேரம்தான் என்று எங்கள் பஞ்சாங்கம் சொல்லும். உங்கள் பஞ்சாங்கத்தில் அதற்கு அளவே இல்லை. “மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன் சார்” என்று தம்பி உங்கள் கண்ணாடி அறைக்குள் நுழைவதுதான் ராகு காலத் தொடக்கம். வெளியே எங்களுக்குக் காபி, பிஸ்கெட். உள்ளே நீங்கள் இருவரும் தலையைத் தலையை ஆட்டுகிறீர்கள். நான் வாயசைவை வைத்துப் படிக்கப் பார்த்தேன். நீங்கள் அன்றைய கிரிக்கெட்டைப் பேசியிருக்கவும் வாய்ப்புண்டு. தம்பி திரும்பி வருவார். தள்ளுபடி மூவாயிரம் கூடியிருக்கும். “உங்களுக்காக மட்டும் சார். வெளியில சொல்லிடாதீங்க.” சொல்லவில்லை. நீங்கள்தான் பேனர் கட்டிச் சொன்னீர்கள்.

உங்கள் பஞ்சாங்கத்தையும் மிஞ்சிய பஞ்சாங்கம் டெல்லியில் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2025 ஆகஸ்ட் 15, அதாவது ஆடி முடிய ஒரு நாள் இருக்கையில், தீபாவளிப் பரிசாக ஜி.எஸ்.டி. குறையும் என்று செங்கோட்டையிலிருந்து அறிவிப்பு வந்தது. அமலுக்கு வந்த நாள் செப்டம்பர் 22. மகாளய அமாவாசைக்கு மறுநாள், நவராத்திரி முதல் நாள். அங்கேயும் யாரோ நாள் பார்த்திருக்கிறார்கள்! நான்கு மீட்டருக்குள் அடங்கும், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி.யைத் தாண்டாத சின்னக் கார்களுக்கு, 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்த இடத்தில் ஒரேயடியாக 18. பெரிய கார்களுக்கு செஸ் போய் மொத்தமாக 40. ஆடித் தள்ளுபடியில் முப்பதாயிரம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மீசை முறுக்கியவர்கள், ஒன்பது லட்ச ரூபாய்க் கார் முக்கால் லட்சம் இறங்கியதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்கள். இடைப்பட்ட 38 நாளும் உங்கள் தொழிலுக்குக் கிரகணம். அந்தக் கிரகண தோஷத்தைத்தான் நீங்கள் இன்றுவரை கழித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலும். டிசம்பரில் தள்ளுபடி என்று வாயெடுத்தபோது தம்பி சொன்ன முதல் பதில், “ஜி.எஸ்.டி. குறைஞ்சதே பெரிய டிஸ்கவுன்ட் இல்லையா சார்?” அரசாங்கம் விட்டுக்கொடுத்த வரியை உங்கள் பெருந்தன்மைக் கணக்கில் வரவு வைத்த அந்தத் துணிச்சலை மெச்சுகிறேன்.

உங்கள் கஷ்டமும் தெரியாதவன் அல்ல நான். கம்பெனிகள் மாதாமாதம் வெளியிடும் ‘விற்பனை’ பெரும்பாலும் உங்கள் யார்டில் இறக்கிவிட்டுப் போனதன் கணக்குதான். என்னைப் போன்றவன் வாங்கினானா என்பது அவர்கள் கவலை இல்லை. 2024 செப்டம்பர் முடிவில், விற்காமல் டீலர்களிடம் தேங்கியிருந்தவை 80 முதல் 85 நாள் ஸ்டாக் என்றும், ஏறக்குறைய 7.9 லட்சம் வண்டிகள், மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்றும் உங்கள் கூட்டமைப்பே கண்ணீர் விட்டது. அத்தனைக்கும் பேங்க் வட்டி ஓடுகிறது. மாசக் கடைசிக்குள் இன்னும் சில வண்டி பில் போட்டால் கம்பெனி மொத்த வண்டிக்கும் ஊக்கத்தொகை தரும். ஒன்று குறைந்தால் எல்லாம் போச்சு. ஆக, மலிவான நாள் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது என் நட்சத்திரத்தைப் பார்த்து வருவதில்லை, உங்கள் டார்கெட்டைப் பார்த்து வருகிறது. அந்த நாள் எது என்று உங்களுக்குத் தெரியும். நான் மட்டும் காலண்டரைப் புரட்டிக்கொண்டு யூகிக்க வேண்டும்.

யூகித்து வந்தாலும் விடுகிறீர்களா? இந்தக் கையால் கொடுத்த 40,000 அந்தக் கையால் திரும்பிப் போன அழகை எங்கள் தெருவே வியக்கிறது. வெளியில் பன்னிரண்டாயிரம் குறைவாகக் கிடைத்த அதே இன்சூரன்ஸை உங்களிடமே எடுக்காவிட்டால் தள்ளுபடி கிடையாதாம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்று. காரை யார் தூக்கிக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. ‘இருபதாயிரம்தான் சார் வித்தியாசம், சன்ரூஃப் வருது’ என்று மேல் வேரியன்டுக்குத் தள்ளப் பார்த்தீர்கள். எங்கள் ஊர் வெயிலில் கூரையைத் திறந்துகொண்டு எங்கே போவது என்பது ஒருபக்கம். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை ஆயுள் வரி 13 சதவீதம், அதைத் தாண்டி இருபது லட்சம் வரை 18; மேலே ஒரு சதவீதம் டி.சி.எஸ். வேறு. 9.90 லட்சத்திலிருந்து 10.10க்குப் போனால், உங்கள் இருபதாயிரம் ரோட்டில் இறங்கும்போது எண்பதாயிரத்தைத் தாண்டும். இந்தக் கணக்கு மட்டும் உங்கள் பஞ்சாங்கத்தில் அச்சாவதில்லை.

பில் போட்ட அன்று ராத்திரி என் பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை, கூட மகன். அந்தக் குடும்பத்துக்கே முதல் கார். அவர் தள்ளுபடி கேட்கவில்லை. “நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி, அதான் கணக்கு” என்றார். நீங்கள் பார்த்துச் சொன்னீர்கள். அண்டர்பாடி கோட்டிங், எசென்ஷியல் கிட், வாரண்டி நீட்டிப்பு, இன்னும் பெயரே புரியாத நாலைந்து. டெலிவரி அன்று நாங்கள் இருவரும் பில்லை ஒத்துப் பார்த்தோம். அதே கார், அதே தேதி. என்னைவிட அரை லட்சத்துக்கும் மேல் கொடுத்திருந்தார். என்னை ஏமாற்றியதைக்கூடச் சாமர்த்தியம் என்று விட்டுவிடலாம், நானும் சாமர்த்தியம் காட்டத்தான் வந்தேன். நம்பி வந்தவரிடம் கூடுதலாகப் பிடுங்குவதற்குப் பெயர் ஸ்கீம் இல்லை. திருட்டு. பேரம் பேச வெட்கப்படுகிறவன், முதல்முறையாகக் கண்ணாடிக் கதவைத் தள்ளுகிறவன், இவர்கள் தலையில் ஏற்றித்தான் எங்களைப் போன்ற வாயாடிகளுக்குத் தள்ளுபடி தருகிறீர்கள். ஒரு பொருளுக்கு ஒரு விலையைப் பலகையில் எழுதி வைக்க உங்களுக்கு என்ன கேடு?

மன்னிக்க வேண்டும். எமகண்டத்தில் எழுதிவிட்டேன் போலிருக்கிறது. நல்ல நேரம் பிறந்துவிட்டது, தொடர்கிறேன்.

அடியேனின் விண்ணப்பம் சிறியதுதான். புத்தாண்டுக்கு உங்கள் படம் போட்ட தினசரி காலண்டர் ஒன்று கொடுத்தீர்கள். அடுத்த வருஷக் காலண்டரில் ராகு, குளிகை, எமகண்டத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்து அச்சிடுங்கள்: இன்று யார்டில் நிற்கும் போன வருஷத்து வண்டிகள் எத்தனை, டார்கெட்டுக்கு இன்னும் குறைவது எத்தனை. சந்திராஷ்டமத்தை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை, இடம் போதும். நாங்கள் அதைக் கிழித்துப் பார்த்து, உங்கள் நாளும் எங்கள் நாளும் ஒத்துவரும்போது எலுமிச்சம்பழத்தோடு வருகிறோம். வியாபாரத்துக்கு வண்டி எடுக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்கும் சௌகரியம். தேய்மானக் கழிவு முழுசாக வேண்டுமென்றால் வாங்கிய நிதியாண்டில் 180 நாளாவது வண்டி உபயோகத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆடிட்டர் தனிப் பஞ்சாங்கம் கணித்துக் கொடுத்திருக்கிறார். மூன்றையும் ஒத்துப் பார்க்க அவருக்குக் கண் பத்தவில்லை.

பேனருக்கும் எனக்கும் இடையில் உள்ள 25,000ஐக் காசோலையாகவோ, கணக்கில் நேரடியாகவோ அனுப்பலாம். ஆக்சஸரிஸாக மட்டும் வேண்டாம். சீட் கவரும் ஸ்டியரிங் கவரும் ஏற்கெனவே உங்கள் அன்பில் கிடைத்தவை போதும்.

இப்படிக்கு,
டிசம்பர் பில்லிங், ஜனவரி டெலிவரி

பி.கு.: கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து கொடுங்க சார், ஒன்பது கொடுத்தாலும் எங்களுக்குப் பூஜ்யம்தான் என்று தம்பி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். போன் வந்தது. தங்கள் எக்ஸ்-ஷோரூம் மதிப்பெண் 10 என்று தாராளமாகச் சொன்னேன். ஹேண்ட்லிங் சார்ஜுக்கு 2, இன்சூரன்ஸுக்கு 2, இலவசம் என்று சொல்லிப் பில்லில் ஏற்றிய ஃப்ளோர் மேட்டுக்கு 1, பேனருக்கு 2 போக, ஆன்-ரோடு மதிப்பெண் 3. கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். 25,000 வந்து சேர்ந்தால் ஸ்பெஷல் ஸ்கீமில் இன்னும் ஒன்று கூட்டித் தருவேன். உங்களுக்காக மட்டும். இந்த ஆஃபர் மாசக் கடைசி வரைக்கும்தான்.