பைரன் மகளும் பந்தயக் குதிரைகளும்

ஏடா லவ்லேஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகின் முதல் புரோகிராமர், கம்ப்யூட்டர் யுகத்தின் தாய், இன்னும் என்னென்னவோ. மாலை போட்ட அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே அடகுக்கடைப் பக்கம் வாருங்கள். அம்மணியின் வைர நகைகள் அங்கேதான் இருக்கின்றன.

அப்பா லார்டு பைரன். கவிதை, காதல், கடன் மூன்றிலும் அளவு தெரியாத ஆசாமி. 1815 டிசம்பரில் ஏடா பிறந்தாள். ஜனவரியிலேயே அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஏப்ரலில் பைரன் நாட்டைவிட்டே போனார். அப்புறம் மகள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்பன் புத்தி பெண்ணுக்கும் வந்துவிடுமோ என்று நடுங்கிய அம்மா கண்டுபிடித்த தடுப்பூசி எது தெரியுமா? கணக்கு! ஊசி போட்டுக்கொண்ட குழந்தை பன்னிரண்டு வயதில் நீராவியில் பறக்கும் குதிரை ஒன்றுக்கு பிளான் போட்டது. பதினேழு வயதில் வாத்தியாரோடு ஓடிப்போகப் பார்த்தது.

பிடித்து வந்து 1835-ல் ஒரு நல்ல பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். ரொம்ப நல்லவர். இந்தக் கதையில் அவருக்கு அதற்கு மேல் வேலை இல்லை, பில் கட்டுவதைத் தவிர.

அம்மணிக்குத் தன் மூளையைப் பற்றி அபார நம்பிக்கை. இது சாதாரண மனித மூளையே அல்ல, காலம் நிரூபிக்கும் என்று தானே கடிதத்தில் எழுதிக்கொண்டவர். தன் உருவப்படத்தில் தாடையை ஓவியர் அகல அகலமாகத் தீட்டியதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இடம் இருக்கிறதே, 'கணிதம்' என்று அதன் மேலேயே எழுதிவிடலாம் போல என்றார். தன்னையே கலாய்த்துக்கொள்ளத் தெரிந்தவரை நாம் எங்கே கலாய்ப்பது!

பெருமை வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சார்லஸ் பாபேஜ் என்று ஒரு மேதை. கணக்குப் போடும் இயந்திரம் செய்கிறேன் என்று அரசாங்கத்திடம் 17,000 பவுண்டு வாங்கிக் கரைத்தார். இயந்திரம் முடிந்ததா? அதற்குள் அவருக்கு அதைவிடப் பெரிய இயந்திரம் ஒன்று தோன்றிவிட்டது! அந்த இரண்டாவது இயந்திரத்தைப் பற்றி இத்தாலிக்காரர் மெனப்ரியா பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். 1843-ல் ஏடா அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, போகிற போக்கில் கொஞ்சம் குறிப்பும் சேர்த்தார். கொஞ்சம் என்றால், மூலத்தைப் போல மூன்று பங்கு.

கடைசிக் குறிப்பில்தான் சரித்திரம். பெர்னூலி எண்களை அந்த இயந்திரம் எப்படிக் கணக்கிடும் என்று படிப்படியாக ஓர் அட்டவணை. கவனியுங்கள், இயந்திரமே கிடையாது; கடைசிவரை யாரும் கட்டவும் இல்லை. ஹார்டுவேர் பிறக்கும் முன்பே சாஃப்ட்வேர் ரெடி. அட்டவணைக்கான அல்ஜீப்ராவை நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று பாபேஜ் பிற்பாடு எழுதினார். அதில் தான் செய்திருந்த பெரிய பிழையை ஏடா கண்டுபிடித்துத் திருப்பியனுப்பியதையும் அதே மூச்சில் ஒப்புக்கொண்டார். அதோடு விட்டதா? அச்சான அட்டவணையின் நான்காவது வரியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிக் கிடக்கின்றன. உலகின் முதல் புரோகிராம் உலகின் முதல் பக்கோடு ரிலீஸ் ஆனது. அச்சுக்கோத்தவர் தலையில் பழியைப் போட்டுவிடலாம், நம் ஐ.டி. நண்பர்கள் இன்றும் அப்படித்தானே செய்கிறார்கள்?

அடுத்த வருஷம் அம்மணிக்கு மின்சாரத்தில் ஆசை வந்தது. சாமர்செட்டில் ஆண்ட்ரூ கிராஸ் என்றொரு விஞ்ஞானி. மரத்துக்கு மரம் கம்பி கட்டி வானத்து மின்சாரத்தை வீட்டுக்குள் இறக்குகிறவர். இடி மின்னல் மனிதர் என்று ஊரில் பெயர். சில வருஷம் முன்பு அவருடைய பரிசோதனையில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் தென்பட, மனிதர் உயிரையே படைத்துவிட்டார் என்று பத்திரிகைகள் கொளுத்திப் போட்டன. பாவம், பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை என்பதுதான் விஷயமாக இருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போன ஏடா, அங்கே ஒழுங்கு என்பதே மருந்துக்கும் இல்லை என்று கணவருக்குக் குறைப்பட்டுக் கடிதம் போட்டார்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு பையன் இருந்தார். மூத்த மகன் ஜான் கிராஸ். விஞ்ஞானம் பேசுவார், சுவாரசியமாகப் பேசுவார், அம்மணி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார். அப்புறம் ஒழுங்கு யாருக்கு வேண்டும்?

நடந்தது காதல்தானா? சத்தியம் செய்ய முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இருவரும் சேர்ந்து குதிரை மேல் பணம் கட்டினார்கள் என்பது மட்டும் உறுதி. வேறு சில ஆண் நண்பர்களும் கூட்டு. இன்றைக்கென்றால் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருப்பார்கள். பாபேஜின் இயந்திரத்துக்கு நிதி திரட்டவே ஏடா பந்தயத்தில் இறங்கினார் என்று உருக்கமாக ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அம்மணிக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அன்றைய இங்கிலாந்து சட்டப்படி மனைவியின் சொத்தெல்லாம் புருஷனுடையது. சீமாட்டிக்குக் கைச்செலவுக்கு வருஷம் 300 பவுண்டு.

1851 எப்சம் டெர்பி. டெடிங்டன் என்ற குதிரை முதலில் வந்தது. நம்மவர் பணம் டெடிங்டன் மேல் இல்லை. நஷ்டம் 3,200 பவுண்டு. பத்து வருஷத்துக் கைச்செலவுப் பணத்தை ஒரே குதிரை மேய்ந்துவிட்டுப் போனது! பெர்னூலி எண்களுக்கு ஒரு குணம் உண்டு: ஜாக்கியின் மூடைப் பொறுத்து மாறாது.

இப்போது அடகுக்கடை. லவ்லேஸ் குடும்பத்துப் பரம்பரை வைரங்களைக் கிராஸ் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் சந்தேகம் வராதிருக்க அச்சு அசலாகக் கவரிங் செட்! குட்டு உடைந்தது. பிரபுவின் மாமியார், அதாவது ஏடாவின் அம்மா, பணம் கட்டி மீட்டுக் கொடுத்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அம்மணி அதே நகைகளை மறுபடியும் கிராஸிடம் கொடுத்தனுப்பினார். அதே கடை இல்லாவிட்டாலும் அதே வேலை. அம்மா மறுபடியும் மீட்டார்.

இதற்குள் ஏடாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இந்த இடத்தில் எனக்கும் கிண்டல் வரவில்லை. கிராஸை வீட்டுக்குள் விடாமல் செய்துவிடுவார்களோ என்பதுதான் படுக்கையிலும் அவருடைய பதைப்பு. 1852 நவம்பரில், தந்தை இறந்த அதே 36 வயதில், போய்ச் சேர்ந்தார். பைரன் தன் கையால் மகளுக்கென்று விட்டுப்போன சொற்பச் சின்னங்களை யாருக்கு எழுதிவைத்தார் என்கிறீர்கள்? கணவருக்கா, மூன்று பிள்ளைகளுக்கா? கிராஸுக்கு!

குடும்பத்துக்கு இப்போது ஒரே கவலை, கிராஸ் கையிலிருந்த ஏடாவின் கடிதங்கள். வக்கீல்கள் கிராஸைப் போய்ப் பார்த்தார்கள். பேச்சுவார்த்தை ஒப்பந்தமாகி, கட்டுக்கட்டாக இருந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெருப்புக்குப் போயின. நான் சத்தியம் செய்ய மறுத்தது இதனால்தான். கல்யாணமே ஆகாத மாதிரி திரிந்த நம் கதாநாயகருக்கு ரெய்கேட்டில் ஒரு மனைவியும் குழந்தைகளும் இருந்த விவரமும் அப்போதுதான் மெல்ல வெளியே வந்தது. அந்தப் பந்தயக் கூட்டத்தில், ஒரு குதிரையும் ஜெயிக்காமலேயே ஏதோ கையில் தேறிப் புறப்பட்டவர் அவர் மட்டும்தான்.