நீலச் சட்டை

1979-இல் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை வளைவில் ஒரு நெல்வண்டி குடைசாய்ந்தது. மூட்டைகளுக்கு அடியில் வண்டிக்காரர். வயலில் இருந்து ஏழெட்டுப் பேர்தான் ஓடிவந்தார்கள். ஒருவர் அவருக்கு மாமன், இன்னொருவர் மச்சான். யார் தூக்குவது என்ற பேச்சே எழவில்லை. அப்பா கொண்டுவந்த கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நாலு மைல் நடந்தே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பின்னாளில் கல்லூரியில் உளவியல் நடத்தியபோது, கிராமத்துக்கு ஈரம் உண்டு, நகரத்துக்கு இல்லை என்பதற்கு இதைத்தான் சொன்னேன். கூடவே நியூயார்க்கில் 1964-இல் கொலையுண்ட கிட்டி ஜெனோவீஸின் கதை. 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அது பிழையான சித்திரம் என்று அந்தச் செய்தியை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸே பிறகு எழுதியது. உண்மையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

அந்தச் செய்தி தூண்டிய ஆய்வு மட்டும் நிலைத்து நின்றது. 1968-இல் உளவியலாளர்கள் டார்லியும் லடானேயும் வெளியிட்டது. அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். தான் ஒருவனே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் ஆள் கூப்பிட்டார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதமே. எழாதவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. பலருக்குக் கை நடுங்கியது, வியர்த்தது. வகுப்பில் இந்த வரியை நான் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன்.

போன வருடம் தாம்பரத்தில் பைக்கில் வந்த பையன் ஒருவன் விழுந்துகிடந்தான். சுற்றி முப்பது பேர். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நானும் நின்றேன். என் கையும் நடுங்கியது. பூக்கடை அம்மா கத்தினார்: "நீலச் சட்டை சார், உங்களத்தான்! நூத்தியெட்டுக்குப் போன் போடு சார். தம்பி, நீ அந்த பஸ்ஸ நிறுத்து."

போட்டேன். பையன் பிழைத்தான்.

கட்டிலைத் தூக்கியவர்களுக்கு 'உங்களத்தான்' என்ற அந்த அழைப்பு உறவுமுறையிலேயே இருந்தது. அந்நியர்களுக்கு அதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போலீஸ், கோர்ட் என்று தயங்க வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்கிறது. பெயர் சொல்லும்படி போலீசார் வற்புறுத்தக் கூடாது. அடுத்த முறை கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டிக் கூப்பிடுங்கள்.