கட்டுச்சோற்றியல்: ராசிபுரம் முதல் ஹேக் வரை ஓர் ஆய்வு

கோதுமை வாடையே படாமல் தூரதேசம் போய்வருவது எப்படி என்பது மேல்நாட்டு மருத்துவம் அண்மையில் கிளப்பிவிட்ட சிக்கல் என்றொரு கருத்து நிலவுகிறது. அதை மறுக்கவே இந்த ஆய்வு. நாமக்கல் லாரிக்காரர்களும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் எப்போதோ அதைத் தீர்த்துவிட்டார்கள். நாக்பூரைத் தாண்டினால் திரும்பிய பக்கமெல்லாம் சப்பாத்திதான் என்று தெரிந்து, அரிசி மூட்டையையும் ஸ்டவ்வையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனவர்கள் அவர்கள். ரிக்கோடு சமையல்காரரும் போவார். காரணம் நோயல்ல, நாக்கு. ஆய்வுக்கு அந்த வேறுபாடு முக்கியமில்லை.

எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் என் அம்மா. சீலியாக் நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஓராண்டாகிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆகாது. போகவேண்டிய மகள் வீடோ நெதர்லாந்தில், ஹேக் நகரில்.

ஹேக் என்றதும் ஆய்வாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று நிறுவிய வில்லெம் டிக்கே அந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் உண்டு. இரண்டாம் உலகப்போரின் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே மெலிந்தபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்பதை 1950இல் ஆய்வேடாக்கினார். அதே உலகப்போர்தான் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரும் வழியையும் அடைத்தது. 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யும் வேலையில் இறங்கினார். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, ஒரே யுத்தம் அங்கே நோயைக் காட்டிக்கொடுத்தது, இங்கே அதற்கான கஞ்சியைக் காய்ச்சியது. இந்த அரிய கண்டுபிடிப்பைச் சொன்னபோது அம்மா, "சரி, அந்த மொறத்தை எடு" என்றாள்.

களப்பணி அடுப்பங்கரையில் தொடங்கியது. பெருங்காய டப்பாவைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். பிசின், மைதா, அப்புறம்தான் பெருங்காயம்.

"ஏன் கண்ணு, அப்ப இத்தன நாளா ரசத்துல மைதாவயா கரச்சுக் குடிச்சேன்?"

சாம்பார், முறுக்கு, பருப்புப் பொடி, சேலத்துத் தட்டுவடை எல்லாம் அந்த நொடியில் சந்தேகப் பட்டியலில் ஏறின. பரோட்டா மேல் அம்மாவுக்குக் கோபமில்லை. அது வெளிப்படையான எதிரி. பெருங்காயத்தைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்து மாவு மில். கோதுமைப் புரதமான குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. எங்கள் தெரு மில்லிலோ சுவர், பல்பு, மில்காரர் புருவம் எல்லாவற்றிலும் முந்தின நாள் சம்பா கோதுமை படிந்திருக்கும். காலையில் முதல் ஆளாக வாளியோடு போய் நின்ற அம்மா, இரண்டு படி அரிசியைச் சும்மா ஓடவிட்டு அந்த மாவை மாட்டுக்கு ஒதுக்கச் சொன்னாள். "மாட்டுக்கு அந்த வியாதி வராதுங்ளா?" என்றார் மில்காரர். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறாமல், மில் மாவு மொத்தத்தையும் மாட்டுக்கே கொடுத்துவிட்டு மிக்சியில் அரைத்தாள்.

குளூட்டன் இல்லாத விமானச் சாப்பாட்டுக்கு ஜி.எஃப்.எம்.எல். என்று ஒரு குறியீடு உண்டு. ஒரு நாளாவது முன்னால் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு குறியீடுதான். பயண நாளோ புரட்டாசிச் சனிக்கிழமை. கோதுமையை விலக்கினால் கோழி வரலாம். கோழியை விலக்கினால் கோதுமை வரலாம். தர்க்க நூல்கள் கைவிட்ட இந்த இடத்தில் மாமா வந்தார். முப்பது வருடம் கல்கத்தா லைனில் லாரி ஓட்டியவர். "அக்கா, எவனோ ஆக்கற சோத்த நம்பி எவனாச்சும் வண்டி ஏறுவானா? புளிச்சோத்தக் கட்டு." ஆய்வின் கருதுகோள் இப்படியாக மெய்ப்பிக்கப்பட்டது. பெருங்காயம் சேர்க்கவில்லை.

இழப்பு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் பயணிகள் நெய் போன்ற பால்பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. துணிகளுக்கு நடுவே பதுங்கியிருந்த ராசிபுரத்து நெய்யை எடுத்து வெளியே வைத்தேன். டாக்டர் சீட்டைப் பார்த்த அன்றுகூட அம்மாவின் முகம் அப்படி ஆகவில்லை.

பெட்டியைப் பூட்டும்போது ஒரு மூலையில் பொட்டலம் ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தால், நாமக்கல் ஆஞ்சநேயர் வடைமாலையிலிருந்து ஒற்றை வடை. உளுந்தும் மிளகும் சரி, பெருங்காயம் உண்டா என்று கேட்டேன்.

"அது திங்கறதுக்கில்ல கண்ணு. தொணைக்கு."

பட்டியலில் அதை உணவுக்குக் கீழே சேர்க்காமல், பாஸ்போர்ட்டுக்கு அடுத்த வரியில் எழுதிக்கொண்டேன்.